“நெஞ்சு ஏறி இறங்குதே பாப்பா!” – ஒரு ஐ.சி.யு. நர்ஸின் கேள்வியும் பதிலும்

வாசகர் கேள்வி:

அக்கா, நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு எட்டு மாதமாகக் கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம், இங்கே ஹாஸ்டலில் இருக்கிறேன். நைட் டியூட்டி என்றால் பன்னிரண்டு மணி நேரம். வென்டிலேட்டரில் இரண்டு பேர், அது இல்லாமல் ஒருவர் என்று மூன்று பேஷண்ட் பார்க்கிறேன், யாராவது லீவ் போட்டால் நான்கு. போன மாதம் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு 19 வயதுப் பையன் ஒருவன் வந்தான். நைட்டில் அவனை நான்தான் பார்த்தேன். கடைசியில் மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நெஞ்சு ஏறி இறங்குதே பாப்பா, எப்படிச் செத்துட்டான்னு சொல்றாங்க?” என்று கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்று அழுதேன். அன்றைக்கே அவன் மாமா, “உங்க அலட்சியத்தாலதான் புள்ள போச்சு” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அதிலிருந்து தூக்கத்திலும் மானிட்டர் அலாரம் காதில் கேட்கிறது. டியூட்டி மாறும்போது முந்தைய சிஸ்டரிடம் ஹேண்ட்ஓவர் வாங்கும்போது கை நடுங்குகிறது. மூன்று வாரத்துக்கு முன் ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது, அந்தப் பரபரப்பில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா, “அந்த வேலையே வேண்டாம், நம்ம ஊர் கிளினிக்ல சேர்ந்துக்க” என்கிறார். நான் ஐ.சி.யு.வுக்கு லாயக்கில்லையா அக்கா?

– பெயர் வேண்டாம், கோவை

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த ஊசி. ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரியைத் தாண்டிக் கண் நகரவில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் போய்விட்டது. அதற்காக இனி ஒன்றும் செய்ய முடியாது என்று இருந்துவிடாதீர்கள். நாளைக்கே இன்சார்ஜ் சிஸ்டரிடமும் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடமும் சொல்லி, சம்பவத்தை எழுத்தில் பதிவு செய்யுங்கள். அந்த பேஷண்டுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை முடிவு என்ன என்று கேளுங்கள், ஐ.சி.யு.வில் சேரும்போதே பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிடுங்கள், பிறகு ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் என்று டாக்டர் சொல்கிறபடி திரும்பவும் பார்க்க வேண்டும். வேலை பார்க்கிற இடத்தில் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள்.

பயத்தைக் கொஞ்சம் குறைக்க ஒரு கணக்கு சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுக்குத்தான். ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை, தடுப்பூசி போடாதவருக்கு அது எளிதாக ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் மூன்று டோஸும் போட்டீர்களா, போட்ட பிறகு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று ஆன்டிபாடி அளவு பார்த்தீர்களா? 10-க்கு மேல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். பார்க்கவே இல்லை என்றால் இந்த ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் இன்றைக்கு அது மாத்திரையிலேயே குணமாகிற நோய்.

இனிமேல் ஊசிக்கு மூடி போடாதீர்கள், எந்த அவசரத்திலும். எடுத்த ஊசி நேராக நீடில் கட்டருக்கோ, குத்தினால் கிழியாத அந்த வெள்ளை டப்பாவுக்கோ போக வேண்டும். டப்பா எட்டாத தூரத்தில் இருந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கிற மற்ற சிஸ்டர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: குத்திவிட்டால் பிழியக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது, ஸ்பிரிட் ஊற்றித் தேய்க்கக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்ல வேண்டும். திட்டு விழும் என்று மறைக்கிற பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. திட்டை வாங்கிக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்தில் மறந்துபோகும்.

சரி, இப்போது அந்தப் பையனுக்கு வருவோம்.

அந்த அம்மா கேட்ட கேள்வி, இந்த வேலையில் நம்மிடம் கேட்கப்படுகிற கேள்விகளிலேயே கடினமானது. டாக்டர் கவுன்சலிங் ரூமில் உட்கார வைத்து விளக்கியிருப்பார், அப்போது தலையாட்டியிருப்பார்கள், ஒன்றுமே காதில் விழுந்திருக்காது. உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்ததும் உடம்பு சூடாக இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, மானிட்டரில் கோடு ஓடுகிறது. எந்தத் தாய் நம்புவார்? டாக்டரைப் பார்த்துக் கேட்கத் தைரியம் வராது. ராத்திரியெல்லாம் பிள்ளைக்கு வாய் துடைத்துவிட்ட நம்மிடம்தான் கேட்பார்கள். அந்தக் கேள்வி உங்களிடம் வந்தது, அவர் உங்களை நம்பினார் என்பதால். அழுததற்காக உங்களை நீங்களே குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் அடுத்த முறை சொல்ல ஒரு பதில் உங்களிடம் இருக்க வேண்டும், அதற்கு முதலில் விஷயம் உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கோமாவும் மூளைச்சாவும் ஒன்றில்லை. கோமாவில் மூளைத்தண்டு வேலை செய்துகொண்டிருக்கும், அதனால் மீண்டு வருகிறவர்கள் உண்டு. மூளைச்சாவில் மூச்சு விடச் சொல்கிற அந்த மூளைத்தண்டே செத்துவிடுகிறது, அது திரும்ப வராது. மார்பு ஏறி இறங்குவது வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுவதால். இதயம் துடிப்பதற்குத் தேவையான மின்தூண்டலை இதயமே உண்டாக்கிக்கொள்ளும், மூளையின் உத்தரவு வேண்டியதில்லை, பிராணவாயு போகிறவரை கொஞ்ச காலம் துடிக்கும். மூளைச்சாவு என்று ஒரே டாக்டர் ஒரே தடவை பார்த்துச் சொல்லிவிட முடியாது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கண்மணியில் வெளிச்சம் அடிப்பது, விழியைத் தொட்டு இமைக்கிறதா என்று பார்ப்பது, தொண்டையைத் தூண்டி இருமல் வருகிறதா என்று பார்ப்பது, கடைசியாக ஆக்சிஜன் மட்டும் போய்க்கொண்டிருக்க வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏறத் தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறாரா என்று காத்திருந்து பார்ப்பது. அடுத்த முறை உங்கள் யூனிட்டில் இந்தச் சோதனை நடந்தால் அனுமதி கேட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் உங்களுக்குள்ளே இருக்கிற ‘ஒருவேளை...’ போய்விடும். அது போகாமல் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாது.

பதில் என்று நான் சொல்வது இவ்வளவுதான்: “அம்மா, அந்த மூச்சு மிஷின் குடுக்கறது. அவனா எடுக்கல. டாக்டருங்க ரெண்டு தடவை மிஷினை நிறுத்திப் பாத்தாங்க, ஒரு மூச்சுகூட அவனா எடுக்கல. அவனுக்கு இப்ப வலி எதுவும் தெரியாது.” அதோடு நிறுத்திவிடுங்கள். கடவுள் கையில் இருக்கிறது, நம்பிக்கையை விடாதீங்க என்றெல்லாம் ஆறுதலுக்குச் சொன்னால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு நாள் அல்லாடுவார்கள். ஒரு நாற்காலி இழுத்துப் போடுங்கள். போர்வைக்குள் இருக்கிற கையை வெளியே எடுத்து அவர் கையில் கொடுங்கள். அழட்டும். டியூட்டி டாக்டரிடம் சொல்லி இன்னொரு முறை பேச வைக்கலாம், அந்தப் பேச்சில் நீங்களும் உடன் இருங்கள், என்ன சொன்னார் என்று தெரிந்தால்தான் உங்கள் வாயிலிருந்தும் அதே வார்த்தை வரும். உறுப்பு தானம் பற்றி நாமாகப் பேச்செடுக்க வேண்டாம், அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அவர்களாகக் கேட்டால் மட்டும் அவரை அழைத்து வாருங்கள். 2008-ல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு நம் ஊரில் இது பலருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது, 2023-லிருந்து தானம் கொடுத்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அதனால் கேட்கிறவர்கள் இருப்பார்கள்.

உறவினர்கள் கொண்டுவருகிற விபூதி, தர்கா கயிறு, மாதா கோயில் எண்ணெய் இதையெல்லாம் “உள்ளே அனுமதி இல்லை” என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. காயத்திலும் கண்ணிலும் படாமல் நெற்றியில் ஒரு கீற்று இட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தீர்த்தத்தை வாயில் ஊற்றச் சொன்னால் மட்டும் முடியாது, மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டிருக்கிறவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். “வாயில வேண்டாம்மா, நெத்தியில தொட்டு வைக்கிறேன்” என்றால் யாரும் மறுப்பதில்லை. கயிற்றை மணிக்கட்டில் கட்டினால் அங்கே தமனியில் போட்டிருக்கிற ஆர்ட்டீரியல் லைனுக்கு இடைஞ்சல், கட்டில் கம்பியில் கட்டிவிடலாம். அந்த இரண்டு நிமிடம் செலவழித்தால் அவர்கள் நம்மை வேறு மாதிரி பார்க்கிறார்கள், இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மாமாவின் கத்தலும் இதோடு சம்பந்தப்பட்டதுதான். கத்துகிறவர் பெரும்பாலும் பில்லைக் கட்டிக்கொண்டிருக்கிறவராக இருப்பார், அல்லது வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு தகவலும் கிடைக்காதவராக. கேட்பதற்கு முன்பே நாமாகப் போய் “இப்ப காய்ச்சல் இல்ல, பி.பி. மருந்துல நிக்குது, சாயங்காலம் ஸ்கேன் எடுக்கறாங்க” என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிக் கோபம் கிளம்பவே கிளம்பாது. பிழைப்பாரா என்கிற பேச்சு டாக்டருடையது, இப்போது எப்படி இருக்கிறார் என்பதை நாம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கை ஓங்குகிற அளவுக்குப் போனால் அங்கே நின்று வாதாடாதீர்கள், தனியாகச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். பின்னால் நகர்ந்து டியூட்டி டாக்டரையும் செக்யூரிட்டியையும் கூப்பிடுங்கள், நடந்ததை நேரத்தோடு எழுதி வையுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரி நிர்வாகம், எட்டு மாத ஸ்டாஃப் நர்ஸ் தனியாக ஸ்டேஷன் படி ஏற வேண்டியதில்லை.

இப்போது கை நடுக்கம். நீங்கள் பார்க்கிற எண்ணிக்கையைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமே இல்லை, நடுங்காமல் இருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். வென்டிலேட்டரில் இருக்கிற ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிற அளவு, கல்லூரியிலும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒருவருக்கு ஒருமுறை சளி உறிஞ்சி, வாய் சுத்தம் செய்து, திருப்பிப் படுக்க வைத்து, யூரின் அளந்து, அந்த மணிக்கான சார்ட் எழுதி முடிக்கவே எவ்வளவு நேரம் ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். மூன்று பேருக்கு அதையே ஒவ்வொரு மணியும் செய்ய ஒரு ஆளுக்கு இரண்டு கை போதாது. மூளை அதைத் தெரிந்துகொண்டு கையை நடுங்க வைக்கிறது. நீங்கள் லாயக்கா இல்லையா என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதே சமயம், உங்கள் கையில் இருக்கிற பகுதியும் ஒன்று உண்டு. ஹேண்ட்ஓவரை நர்ஸிங் ஸ்டேஷனில் நின்று வாங்காதீர்கள், கட்டில் பக்கத்தில் வாங்குங்கள். மானிட்டரைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள்: முகத்தின் நிறம், இரண்டு பக்க மார்பும் ஒரே மாதிரி ஏறுகிறதா, கால் சில்லிட்டிருக்கிறதா. பிறகு ட்யூப் உதட்டில் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது, நேற்று எழுதியதும் இன்று நிற்பதும் ஒன்றா, ட்யூப் நுனியில் இருக்கிற பலூனின் அழுத்தமான கஃப் பிரஷர் 20-க்கும் 30-க்கும் நடுவில் இருக்கிறதா. தலைமாடு 30 டிகிரியாவது உயர்ந்திருக்கிறதா. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா என்று விரலை வைத்தே பார்த்துவிடுங்கள். தினமும் இதே வரிசை, ஆள் மாறினாலும் வரிசை மாறக்கூடாது. கொஞ்ச நாளில் உங்களுக்குத் தெரியாமலே கை தானாகப் போகும், நடுங்குவதற்கு அதற்கு நேரம் இருக்காது.

அதில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், நைட்டில் புதியவர்களைக் கலங்க வைப்பது பெரும்பாலும் இதுதான். பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கிற மருந்தான நார்அட்ரினலின் ஓடுகிற பேஷண்ட். டியூட்டி எடுத்ததும் ஒவ்வொரு லைனையும் சிரிஞ்சிலிருந்து பம்ப், பம்பிலிருந்து குழாய்கள் சேர்கிற த்ரீ-வே, அங்கிருந்து பேஷண்டின் கழுத்து வரை விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். லேபிளில் எத்தனை மி.லி.யில் எத்தனை மி.கி. என்று எழுதியிருக்கிறது, பம்பில் எத்தனை ஓடுகிறது, மிச்சம் எவ்வளவு, அப்படியானால் எத்தனை மணிக்குத் தீரும், இதை அங்கேயே கணக்குப் போட்டு டேப்பில் எழுதி பம்பில் ஒட்டிவிடுங்கள். மூன்றரை மணிக்குத் தீரும் என்றால் இரண்டே முக்காலுக்கெல்லாம் அடுத்த சிரிஞ்ச் ஏற்றி லேபிள் ஒட்டித் தயாராக இருக்க வேண்டும். அந்த மருந்து ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. தீர்ந்த பிறகு ஆம்பியூல் உடைக்க ஓடினால் நீங்கள் திரும்பி வருவதற்குள் பி.பி. 50-க்கு வந்திருக்கும். முன்கூட்டியே தயாராக இருந்தால் அந்த மூன்றரை மணி சத்தமில்லாமல் கடந்து போகும். அதே லைனில் வேறு மருந்தைத் தள்ளாதீர்கள், உள்ளே நிற்கிற நார்அட்ரினலின் மொத்தமாகப் போய் பி.பி. எகிறும். பொட்டாசியம், ஹெப்பாரின், இன்சுலின் மூன்றையும் பக்கத்து சிஸ்டரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே போடுங்கள், பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராகத் தள்ளவே கூடாது.

அலாரம். ஒவ்வொரு பேஷண்டுக்கும் அலாரம் எல்லையை அவருக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைக்கிறீர்களா? போன பேஷண்டுக்கு வைத்ததே பல கட்டில்களில் அப்படியே கிடக்கும். எப்போதும் நிமிடத்துக்கு 115 துடிக்கிறவருக்கு 110-ல் எல்லை வைத்திருந்தால் ராத்திரி முழுக்கக் கத்தத்தான் செய்யும். டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள். நெஞ்சில் ஒட்டுகிற எலெக்ட்ரோடைத் தினமும் மாற்றினால், ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற ப்ரோபை இடம் மாற்றிப் போட்டால், பொய் அலாரம் நன்றாகவே குறையும். சத்தம் பொறுக்காமல் நிறுத்தி மட்டும் வைத்துவிடாதீர்கள். தூக்கத்தில் கேட்கிற அலாரம் நம்மில் ஏராளமான பேருக்கு வருவது, மனக்கோளாறு என்று பயப்பட வேண்டாம், லீவில் இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தாலே குறையும்.

மூன்று பேஷண்டை வைத்துக்கொண்டு இன்று ராத்திரியை எப்படி ஓட்டுவது என்றால், பக்கத்துக் கட்டில் சிஸ்டரோடு ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் சக்‌ஷன் போடும்போது உங்கள் மற்ற இரண்டு மானிட்டரில் அவர் கண் இருக்கட்டும், பிறகு மாற்றி. திருப்பிப் படுக்க வைக்க எப்படியும் இரண்டு பேர் வேண்டும். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று இன்சார்ஜிடம் அப்போதே சொல்லுங்கள், எண்ணிக்கையை ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதுங்கள். இரண்டு மணிக்கொரு தரம் திருப்ப முடியாமல் போனால் திருப்பியதாக எழுதாதீர்கள். இதில் நான் கறாராக இருப்பவள். செய்யாததைச் செய்ததாக எழுதினால், ஆறாம் நாள் முதுகில் புண் வரும்போது காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும், ஆள் போதவில்லை என்பதற்கான ஒரே சாட்சியையும் நாமே அழித்திருப்போம்.

தூக்கம், சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். காலையில் ஹாஸ்டல் ஜன்னலுக்குக் கெட்டியான துணி போட்டு இருட்டாக்கிக்கொள்ளுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். நைட் முடித்துவிட்டு ஸ்கூட்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே என்று குடிக்காமல் இருக்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, அதன் பலன் யூரின் இன்ஃபெக்‌ஷன்தான். ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்வருவதில் தவறே இல்லை.

ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தூக்கமே வராமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, அந்தப் பையன் முகம் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்கிற எண்ணம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாலும், அந்த நிமிடமே 14416-க்குக் கூப்பிடுங்கள், ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். பேஷண்டுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரைக் கூப்பிடுகிறோம், நமக்கு வந்தால் மட்டும் தாங்கிக்கொள்கிறோம். வேண்டாம்.

அம்மா சொல்கிற கிளினிக்குக்கு வருகிறேன். அம்மாவுக்குப் பயம், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, எட்டு மாதமாகப் பகலில் போன் எடுக்காத மகளை நினைத்து எந்த அம்மாவும் அப்படித்தான் சொல்வார். ஊர் கிளினிக் வேலை ஒன்றும் தாழ்ந்ததில்லை, உங்களுக்கே அதில் மனம் இருந்தால் போங்கள். ஆனால் உங்கள் கடிதம் முழுக்க அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் பற்றித்தான் இருக்கிறது, சம்பளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, வேலை பிடிக்கவில்லை என்று ஓரிடத்திலும் இல்லை. அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: ஐ.சி.யு.வை விடாதீர்கள், அந்த ஆஸ்பத்திரியை விடுங்கள். இன்றைக்கே இல்லை. ஒரு சாவு நடந்த சூட்டோடு எடுக்கிற முடிவு பிறகு உறுத்தும். அந்த இன்சார்ஜிடம் எண்ணிக்கையைப் பற்றி எழுத்தில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், இரண்டு மாதம் பாருங்கள், மாறவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். ஓராண்டு ஐ.சி.யு. அனுபவச் சான்றிதழ் கையில் இருந்தால் தேடுவது எளிது, அதுவரை இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. உங்கள் அசல் சான்றிதழ்களை ஆஸ்பத்திரி வாங்கி வைத்திருந்தால் விலகல் கடிதத்தோடு சேர்த்து எழுத்தில் கேளுங்கள், பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அரசு வேலைக்கு, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்துகிற தேர்வுக்குப் படிக்கலாம், நல்லதுதான், ஆனால் அங்கே பேஷண்ட் எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்கிற நினைப்பில் போகாதீர்கள். கிரிட்டிகல் கேர் நர்சிங்கில் ஓராண்டு டிப்ளமா இருக்கிறது, அதைப் படித்தால் இந்த மெஷின்கள் ஏன் எதற்கு என்று புரியும், புரிந்தால் பயம் பாதி போகும்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், நாமே வாய் திறக்காமல் இருப்பதால்தான் இது இப்படியே கிடக்கிறது. உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-லேயே, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் இன்னும் அது காகிதத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் புது இடத்தில் சம்பளம் பேசும்போது இந்த எண் உங்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

இன்டர்வியூவில் அவர்கள் உங்களைக் கேட்டு முடித்த பிறகு நீங்களும் கேளுங்கள். நைட்டில் வென்டிலேட்டர் பேஷண்ட் எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ், புதிதாகச் சேர்கிறவர்களை எத்தனை வாரம் சீனியரோடு சேர்த்து விடுவீர்கள், ஊசி குத்தினால் நடு ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும், அடுத்த மாத டியூட்டி ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் வரும். நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டாக இருப்பவர் இந்த நான்குக்கும் யோசிக்காமல் பதில் சொன்னால் அங்கே சேருங்கள். முதல் கேள்விக்கே “அட்ஜஸ்ட் பண்ணிப் போவோம்மா” என்றால் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள், கோவையில் ஐ.சி.யு. நர்ஸ் தேடுகிற ஆஸ்பத்திரிகள் வேறு நிறைய இருக்கின்றன.